டிங்கோ சுவர்ப்படம்: வகுப்பறைக்கு வாங்கலாமா?

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள எழுதுபொருள் கடையொன்றில், தோட்டத்து மாலை வகுப்புக்கென வாங்கிய நாய்க் குடும்பச் சுவர்ப்படங்களுள், அவுஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவுக்குரிய தாளே மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஓநாய், செந்நாய்த் தாள்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை.

டிங்கோவை வரைந்தவர் கவனித்து வரைந்திருக்கிறார். செம்மஞ்சள் உடல், நிமிர்ந்த காது, வெள்ளைப் பாதம், வால் நுனியில் வெள்ளை என எல்லாம் சரியாக இருப்பதோடு, பக்கத்திலேயே கறுப்பும் பழுப்புமான இன்னொன்றையும் காட்டி, எல்லா டிங்கோவும் ஒரே நிறமல்ல என்பதை விளங்க வைத்திருக்கிறார். லயத்து வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்களோடு வளர்ந்த பிள்ளைகள், "இது நம்ம மணி மாதிரியே இருக்கே, சேர்" என்றார்கள். அதற்கான விளக்கமும் படத்தின் அடியிலேயே உண்டு: குறைந்தது 3,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு கடல் கடந்து அவுஸ்திரேலியா சேர்ந்து, பின்னர் காட்டு வாழ்வுக்குத் திரும்பிய நாய் இது. ஆண்டுக்கு ஒரு முறையே குட்டி போடும்; குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம்.

பழங்குடி மக்கள் குகையிலிருந்து குட்டிகளை எடுத்து வந்து வளர்ப்பதும், குளிரான இரவுகளில் அவற்றை அணைத்துத் தூங்குவதும், வளர்ந்தவை இணை தேடிக் காட்டுக்குப் போகையில் தடுக்காமல் விடுவதும் மூன்று சிறு ஓவியங்களில் வருகின்றன. சங்கிலி இல்லாத அந்த வளர்ப்பைப் பற்றியே பிள்ளைகள் அதிகம் கேட்டார்கள். ஆட்டுப் பண்ணைகளைக் காக்க எழுப்பிய, ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர் நீளமான வேலியும் படத்தில் உண்டு. அது நம் இலங்கைத் தீவின் நீளத்தைப்போல் பதின்மூன்று மடங்கு என்று நான்தான் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

1980இல் அவுஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறை அருகே டிங்கோ தூக்கிச் சென்ற அசாரியா என்ற குழந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உண்மையைச் சொன்ன தாய் லிண்டி சேம்பர்லைன் கொலைக் குற்றத்துக்குச் சிறை சென்றார். டிங்கோவே காரணம் என மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012இல்தான். சிறு பிள்ளைகளுக்கென்று விட்டிருக்கலாம், ஆனால் சிறுத்தை வந்து நாயைப் பிடித்துப் போகும் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு இது மறைக்க வேண்டிய செய்தியல்ல.

தெளிவான பிழை வரைபடத்தில் இருக்கிறது. டிங்கோ வருவதற்கு வெகு காலம் முன்பே அவுஸ்திரேலியாவிலிருந்து கடலால் பிரிந்துவிட்ட தஸ்மேனியாத் தீவுக்கும், டிங்கோ வாழும் இடங்களுக்குரிய அதே நிறத்தைத் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தேன். தாளும் மெல்லியது. நம் பக்கத்து மூடுபனிக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்பதால், வாங்குகிறவர்கள் அங்கேயே லெமினேட் செய்துகொள்வது நல்லது.