4,850 ரேண்ட் போச்சு: மைட்டர் சா சர்வீஸுக்குக் கொடுக்கிறவங்க இதைப் படிச்சிட்டுக் கொடுங்க

நேத்து ராத்திரி என் மைட்டர் சாவை, அதாவது மரத்தைக் கோணம் வச்சுக் குறுக்கே வெட்டுற ரம்ப மெஷினை, பிரிச்சுப் பார்த்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கல. சர்வீஸுக்குக் கொடுத்தது தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் பவர் டூல் ரிப்பேர் பண்ணும் கடையில். பெயர் போடல. பெயர் போட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்க இன்னொரு 4,850 ரேண்ட் கையில் இல்லை.

மெஷின் 254 மில்லி பிளேடு போடுற சறுக்கு மைட்டர் சா. வாங்கின காசு எதுக்குன்னு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாங்க: 60 பல் புது பிளேடு 1,450, கார்பன் (மோட்டாருக்குள்ளே கரன்ட் கொடுக்கிற பிரஷ்) ஒரு ஜோடி 360, பேரிங் ரெண்டு 640, மட்டம் பார்த்துச் சரிசெய்ய 400, கூலி 2,000. கூட்டினா 4,850. கடை முத்திரை கிடையாது, தேதி கிடையாது. அந்தச் சீட்டைத்தான் பில்லுன்னு நினைச்சது என் மடத்தனம்.

பிளேடு மாத்தத் தெரியாம கொடுக்கல. பேரிங் மாத்தணும்னா கியர் பக்கத்தைப் பிரிக்கணும், புல்லரும் பிரஸ்ஸும் வேணும், அதுக்காகக் கொடுத்தது. பிளேடும் கார்பனும் "சேர்த்தே போட்டுடறோம் அண்ணா"ன்னு அவங்களா ஒட்ட வச்சது. மேசையில் முருகன் படம், ஊதுபத்தி, வாய் நிறைய அண்ணா. "கழட்டின பழைய பாகத்தை எடுத்து வையுங்க"ன்னு சொல்ல வாயெடுத்தேன். "குப்பை எதுக்கு அண்ணா, நாங்களே போட்டுடறோம்"னு சிரிச்சாங்க. தலையாட்டினேன். ஏமாந்தது அந்த நொடியில். மத்ததெல்லாம் அதோட வட்டி.

வீட்டில் முதல் வெட்டு சலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ் மரம்) பலகையில். மரம் கருகி, வெட்டின முகத்தில் வளைவு வளைவா கோடு. பிளேடு ஆடினால் அப்படிக் கோடு விழும். கருகுதுன்னா பெரும்பாலும் ஒண்ணு பல் மழுங்கி இருக்கணும், இல்லை பிளேடு நேராக ஓடலை. புது பிளேடு போட்ட மெஷினில் ரெண்டும் வரக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிட்டு, கீழ் மூடியைத் தூக்கினேன். தூக்கினது தூக்கினபடியே நின்னுது. உள்ளே மூடியை இழுக்கிற கம்பியை கேபிள் டை போட்டுக் கட்டி வச்சிருக்காங்க! ஸ்பிரிங் போயிருக்கும், மாத்தச் சோம்பல். மெஷினோட தலையை (மோட்டாரும் பிளேடும் இருக்கிற மேல்பாகம்) தூக்கின உடனே அந்த மூடி தானா விழுந்து பல்லை மறைக்கணும். மறைக்கலைன்னா கை போகிற இடத்தில் 254 மில்லி ரம்பம் திறந்து கிடக்கும். காசை விடுங்க, இதை மன்னிக்க முடியாது.

பல்லை எண்ணினேன். சாக்பீஸால ஒரு பல்லில் குறி போட்டுச் சுத்தி வந்தால் 40. 60-க்குக் காசு. மேலே பளபளன்னு ஒரு ஸ்டிக்கர், அதைச் சுரண்டினால் கீழே நீலம் பாய்ஞ்ச தகடு. தகடு நீலமாச்சுன்னா சூடேறி விறைப்பு போயிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் எத்தனை தடவை சாணை பிடிச்சாலும் ஆடும். பல் நுனியில் ஒட்டின கார்பைடு முனைகளும் சன்னமா இருக்கு, சாணை பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ஞ்சது. நிமிஷத்துக்கு அதிகபட்சச் சுற்று எத்தனைன்னு தகட்டில் பொறிச்சிருப்பாங்க, அந்த இடத்தில் பெயின்ட். அந்த எண் மெஷின் மரம் வெட்டாம வெறுமனே ஓடுற சுற்றை விடக் குறைவா இருந்தால் பிளேடு போடவே கூடாது. படிக்க முடியாத பிளேடும் அதே கதைதான்.

போல்ட்டுக்கு வந்தேன். பெரும்பாலான மைட்டர் சாவில் பிளேடு போல்ட் இடது மறை (வழக்கத்துக்கு எதிரா சுத்துற மறை). பிளேடு சுத்துற வேகத்தில் தளராம இருக்கத்தான் அப்படி. கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினால் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும். கடையில் வேலை பார்த்த ஆளுக்கு இது தெரியல. எதிர்ப்பக்கம் இம்பாக்ட் மெஷின் வச்சு அடிச்சிருக்கான். போல்ட்டோட ஆறு மூலையும் வட்டமா உருண்டு கிடக்கு. அலன் கீ வழுக்குது. ஸ்பிண்டில் பூட்டும் (போல்ட் கழட்டும்போது பிளேடு சுத்தாம பிடிக்கிறது) தளர்ந்து போச்சு. அந்தப் பூட்டை பிளேடு நின்ன பிறகு, கையால மெல்லத் திருப்பிக்கிட்டே அழுத்தினால்தான் உள்ளே விழும். ஓடும்போது அழுத்தினால் முள் தேயும், உடையும்.

ஒரு வழியா கழட்டினால், உள் வாஷர் தலைகீழா. அந்த வாஷருக்கு ஒரு பக்கம் மேடு இருக்கும், அந்த மேட்டில்தான் பிளேடோட துளை உட்காரும். என் மெஷினில் 30 மில்லி. திருப்பிப் போட்டதால் பிளேடு மையத்தில் உட்காராமல் போல்ட் இறுக்கின இடத்தில் நின்னுது. போதாக்குறைக்கு வாஷருக்கும் பிளேடுக்கும் நடுவில் மரத்தூள் அப்பி இருக்கு. ரெண்டு முகத்தையும் துணியால துடைக்க அரை நிமிஷம் ஆகாது. நடுவில் ஒரு துகள் இருந்தாலும் விளிம்பில் ஆட்டம் பல மடங்கா தெரியும். 2,000 கூலி வாங்கினவனுக்கு அந்த அரை நிமிஷம் இல்லை.

கார்பன். மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற மூடியை ஸ்க்ரூடிரைவரால் திறந்தேன். இடது கார்பன் 5 மில்லி, வலது 6. புதுசு இதைவிட ரெண்டு மூணு மடங்கு நீளம் இருக்கும். பக்கத்தில் இருக்கிற தேய்மானக் கோட்டைத் தாண்டியே போயிடுச்சு. கார்பன் குட்டையானால் ஸ்பிரிங் அழுத்தாது, தீப்பொறி தெறிக்கும், கமுட்டேட்டர் (கார்பன் உரசிக்கிட்டு ஓடுற செப்பு வளையம்) கறுக்கும். பழசை அப்படியே விட்டுட்டு 360 ரேண்ட். அப்போ பேரிங் மாத்தினான்னு எப்படி நம்புறது? சத்தம் அதேதான் வருது.

மட்டம் பார்த்ததுக்கு 400. ஒரு அகலப் பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மட்டும் திருப்பிப் போட்டு ஃபென்ஸோட (மரத்தை ஒட்டி வைக்கிற பின்பக்கத் தடுப்பு) சேர்த்து வச்சேன். நடுவில் விரலளவு இல்லாட்டியும் நகம் போகிற அளவு இடைவெளி. இந்தச் சோதனையில் பிழை ரெட்டிப்பா தெரியும், அதனால பாதிதான் உண்மையான கோணல். அந்தப் பாதியே ஸ்கர்ட்டிங் (சுவரோட அடியில் ஓடுற பலகை) மூலைக்கு ஆகாது. மூலைமட்டம் வச்சுப் பார்க்கும்போது தகட்டில் படணும், பல்லில் படக்கூடாது. பல் தகட்டை விட வெளியே நீட்டி இருக்கும், அதில் வச்சால் மட்டமே பொய்யாகும். ஒருவேளை அப்படித்தான் பார்த்தானோ என்னவோ. பார்த்திருந்தால்.

போன் பண்ணினேன். முதல் நாள், "மெக்கானிக் லீவு அண்ணா." மறுநாள், "மரம் ஈரமா இருக்கும், அதான் கருகுது." அடுத்தது, "கரன்ட் கட் ஆகி வந்ததில் மோட்டார் அடி வாங்கியிருக்கும்." கரன்ட் வந்து போனால் பல் 60-லிருந்து 40 ஆகுமான்னு கேட்டேன். போனை வேற ஆள் வாங்கி, "நீங்களே பிரிச்சுட்டீங்க, வாரன்டி போச்சு"ன்னு வச்சிட்டார். படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் வரல. 4,850 ரேண்டுக்கு ரெண்டு நீலக் குறி.

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு, அதுவும் வயிறெரியுது. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008, எண் 68. 15-ம் பிரிவு, ரிப்பேர் செலவு மதிப்பீடு. 57-ம் பிரிவு, மாத்தின பாகத்துக்கும் அதைப் பொருத்தின கூலிக்கும் 3 மாசம் உத்தரவாதம். 67-ம் பிரிவு, கழட்டின பாகத்தைத் தனியா வச்சுத் திருப்பித் தரணும், வாடிக்கையாளரே வேண்டாம்னு சொன்னால் ஒழிய. வேண்டாம்னு சொல்ல வச்சதுதான் அந்தச் சிரிப்பு. நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்கு எழுதப் போறேன், கையில் இருக்கிறது அந்தத் துண்டுச் சீட்டும் கார்டு மெஷின் ரசீதும் மட்டும்.

பிளேடு மாத்துறதை முழுசா படிப்படியா எழுதலாம்னு உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதைப் பிடிங்க. பிளக்கைப் பிடுங்காம அலன் கீயைத் தொடாதீங்க, சுவிட்ச் அணைச்சால் போதாது. பிளேடு மேல இருக்கிற அம்பும் மூடி மேல இருக்கிற அம்பும் ஒரே பக்கம் பார்க்கணும், அடியில் இருக்கிற பல் ஃபென்ஸ் பக்கம் பார்க்கணும். டேபிள் சாவுக்குச் செஞ்ச 24 பல் பிளேடை இதில் போடாதீங்க, பல் சாய்வு அதிகம், மரத்தைக் கவ்வி மேலே ஏறும். மாத்தின பிறகு கையால ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க, அப்புறம் ஒதுங்கி நின்னு ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விடுங்க. பிசின் ஒட்டினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியும் நைலான் பிரஷ்ஷும் போதும், அடுப்பு கிளீனர் வேண்டாம். சறுக்குக் கம்பியில் கிரீஸ் தடவாதீங்க, தூள் ஒட்டும். ஆனால் கடல் காத்துக்குத் துரு பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைச்சு வையுங்க.

சர்வீஸ் கடையிலிருந்து வாங்கும்போது, பிளக் போடாம, அங்கேயே பல்லை எண்ணுங்க. கார்பன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. மெஷின் தலையை ஒரு தடவை அழுத்தி விடுங்க, மூடி தானா விழலைன்னா காசு கொடுக்காம மெஷினை அங்கேயே வச்சிட்டு வாங்க.