வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார்: நீண்ட காலப் பயன்பாட்டில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

வைட்பேண்ட் என்பது இன்ஜின் புகையிலிருந்து காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். அதன் எண் லாம்டா: சரிசமக் கலவை 1.00, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம், மேலே காற்று அதிகம். மீட்டர் 0.88 என்று காட்டினால் இன்ஜினுக்குள் அந்த அளவு பெட்ரோல் போகிறது என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. எரிந்து வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும், எரியாமல் தப்பிய வாயுக்களும்தான் அதற்குத் தெரியும். அதையும் எல்லா சிலிண்டர்களுக்கும் சேர்த்து, சற்றுத் தாமதமாகத்தான் சொல்கிறது. மாட்டிய இடம் சரியில்லை என்றால் அதுவும் திரிந்துதான் வரும். பல வருடங்கள் ஓட்டிப் பார்த்தபின் சொல்ல முடிவது ஒன்று: இந்தக் கருவி அருமையானது, ஆனால் அதன் எண்ணை எப்போது ஒதுக்கித்தள்ள வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது முழுப் பலன் தரும்.

இன்று சந்தையில் உள்ள பெரும்பாலான கன்ட்ரோலர்கள் (சென்சாரை இயக்கி எண்ணாக மாற்றும் கருவிகள்) பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரை வைத்தே ஓடுகின்றன. முந்தைய 4.2 வெளிக்காற்றை ஒப்பீட்டுக்காக உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் பெட்ரோல் ஆவியோ எண்ணெய்ப் புகையோ கலந்தால் அளவீடு நகர்ந்துவிடும். 4.9 அந்த ஒப்பீட்டு ஆக்சிஜனைத் தானே பம்ப் செய்துகொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக வாங்குவதானால் 4.2 பக்கம் போக ஒரு காரணமும் இல்லை. 4.9 வாங்கும்போது போலிகளைப் பார்த்து வாங்குங்கள். பரவலாகப் பயன்படும் பாகம் 0 258 017 025.

ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையிலேயே சரிசெய்த ஒரு ரெசிஸ்டர் அதன் கனெக்டருக்குள் இருக்கிறது. வயர் நீளமாக இருக்கிறதே என்று கனெக்டரை வெட்டி நேராகச் சாலிடர் செய்தால் அந்தத் திருத்தம் போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல கன்ட்ரோலர் இருந்தும் பயனில்லை. நீளம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் கன்ட்ரோலர் பக்கத்து வயரிங்கில் செய்யுங்கள்.

மாட்டும் இடம்

பங் (சென்சாரைத் திருகுவதற்காகக் குழாயில் வெல்டிங் செய்யும் வளையம்) துளை எம் 18 × 1.5 மரை. வெல்டிங் செய்யும்போது சென்சார் உள்ளே இருக்கக்கூடாது, அதற்கான அடைப்பானைப் போட்டு வெல்டிங் செய்யுங்கள். இறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். புது சென்சாரின் மரையில் கிரீஸ் ஏற்கெனவே பூசியிருக்கும். கழற்றி மீண்டும் போடும்போது மரைக்கு மட்டும் அதற்கான கிரீஸ் தடவுங்கள், முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

சென்சார் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்து, முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் குழாயில் தண்ணீர் திரளும். உள்ளே ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸில் இருக்கும் செராமிக்கில் ஒரு சொட்டு பட்டாலும் விரிசல் விழும். இப்படிச் செத்த சென்சார்களில் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கன்ட்ரோலர் ஹீட்டர் கோளாறு காட்டும், அல்லது எண் ஒரே இடத்தில் நின்றுவிடும்.

சாதாரண இன்ஜினில் மேனிஃபோல்டு குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்குப் பிறகு, கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் மாட்டுங்கள். டர்போ இருந்தால் டர்பைனுக்குப் பின்னால்தான். முன்னால் மாட்டினால் வெப்பமும் அழுத்தமும் இரண்டும் கெடுக்கும்: அழுத்தம் கூடினால் பம்ப் மின்னோட்டம் கூடும், ரிச் (பெட்ரோல் மிகுதி) இருப்பதை விட அதிக ரிச்சாகவும், லீன் (காற்று மிகுதி) இருப்பதை விட அதிக லீனாகவும் தெரியும். வெப்ப எல்லை வாயுவுக்குத் தொடர்ந்து 930 டிகிரி, சென்சாரின் அறுகோண உடலுக்கு 600 டிகிரி. குழாயின் திறந்த முனைக்கு அருகே மாட்டினால் ஐட்லிங்கில் வெளிக்காற்று திரும்பி உள்ளே வரும், லீன் பொய்யாகக் காட்டும். குட்டையான சைலன்சர் உள்ள ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் இது மிகவும் தொந்தரவு. அங்கே குறைந்த ஆர்பிஎம் எண்களைப் பெரும்பாலும் நம்பவே முடியாது.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் இதை வைத்து டியூன் செய்ய முனையாதீர்கள். எரியாத கலவை நேராகக் குழாய்க்குள் போவதால் எண் அர்த்தமிழக்கிறது. எக்சாஸ்ட் வெப்பநிலையும் பிளக் நிறமும் பார்ப்பதே அங்கே மேல்.

சென்சாரை மாட்டிவிட்டு மின்சாரம் கொடுக்காமல் வண்டியை ஓட்டுவதும் ஒரு பெரிய தவறு. சூடேறாத செராமிக்கில் கரி படிந்து துளைகள் அடைபடும். கன்ட்ரோலரைக் கழற்றினால் சென்சாரையும் கழற்றிவிடுங்கள்.

எண் ஈசியூவுக்குப் போகும் வழி

டியூனிங்கில் மிக அதிகத் தவறுகள் நடப்பது ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை இயக்கும் கணினிக்கு, எண் போகும் இந்த வழியில்தான், சென்சாரில் அல்ல. கன்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட் வரை ஒரு அனலாக் சிக்னல் தருகிறது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் அளவுகோல் வேறு. இன்னோவேட் எல்சி-2 இயல்பாக 0 வோல்ட்டுக்கு ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் எடை விகிதம்) 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39 என்று தருகிறது. ஏஇஎம் எக்ஸ் சீரிஸில் 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. ஈசியூவில் வேறு கோட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், லாக்கில் (ஈசியூ வரிவரியாகச் சேமிக்கும் பதிவில்) எல்லாமே நம்பும்படியாக, ஆனால் தவறாக இருக்கும். ஏதோ ஒரு புள்ளியில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளவோ நெருங்கிவரவோ கூடும் என்பதால், அங்கே மட்டும் பார்த்தவர் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார். ஆகவே ஒரு புள்ளியில் அல்ல, ரிச்சில் ஒன்று லீனில் ஒன்று என்று இரண்டு புள்ளிகளில் மீட்டரையும் லாக்கையும் ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருந்தால் எர்த் கோளாறு. இடத்துக்கு இடம் மாறினால் அளவுகோல் தவறு. எர்த் கோளாறுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் லாக்கில் எண் சட்டென்று நகரும், மீட்டர் மட்டும் அசையாது. சென்சாரின் ஹீட்டர் சில ஆம்பியர் இழுக்கிறது. அந்த மின்னோட்டம் சிக்னலின் எர்த் வயர் வழியாகவே திரும்பினால் வழியில் வோல்ட் விழும். 10 முதல் 20 வரையான அளவுகோலில் 0.1 வோல்ட் பிழை என்றால் ஏஎஃப்ஆரில் 0.2 பிழை. சிக்னல் எர்த்தை ஈசியூவின் சென்சார் எர்த்திலும், ஹீட்டர் எர்த்தைக் கன்ட்ரோலரின் கையேடு சொல்லும் இடத்திலும் கட்டுங்கள். ஈசியூவும் கன்ட்ரோலரும் கேன் பஸ் (டிஜிட்டல் தகவல் இணைப்பு) வழியே பேசினால் இந்தத் தலைவலி முழுவதுமே இல்லை. என்னைக் கேட்டால், புதிதாகக் கன்ட்ரோலர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கேன் வசதி. அழகான டிஸ்ப்ளே பிறகுதான்.

ஏஎஃப்ஆரை விட்டு லாம்டாவில் பழகுங்கள். மீட்டருக்கு எரிபொருள் எது என்று தெரியாது. லாம்டாவை அளந்து 14.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரிசமக் கலவை 13.5 அருகில் இருக்கும். மீட்டரில் 12.5 தெரிந்தால் அது லாம்டா 0.85. அதையே ஒருவர் 13.5 ஆல் வகுத்தால் 0.926 வரும், லீன் என்று பயந்து இன்னும் பெட்ரோல் ஊற்றுவார். லாம்டாவில் பேசினால் இந்தக் குழப்பமே எழாது. 1.00 எந்த எரிபொருளுக்கும் 1.00 தான்.

லாக்கில் தாமதம்

இன்ஜெக்டர் தெளித்த பெட்ரோல் எரிந்து, வால்வு திறந்து, குழாய் வழியே பயணித்து, சென்சாரின் துளைகளுக்குள் ஊடுருவி எண்ணாக மாற நேரமெடுக்கும். நான்கு ஸ்ட்ரோக்கின் ஒரு முழுச் சுற்றுக்கு மட்டும் 800 ஆர்பிஎம்மில் 150 மில்லி செகண்ட், 6000 ஆர்பிஎம்மில் 20 மில்லி செகண்ட். வாயுவின் பயண நேரமும் சென்சாரின் நேரமும் இதற்கு மேல். வண்டி வேகமெடுக்கும்போது வினாடிக்கு 1500 ஆர்பிஎம் ஏறுகிறது, தாமதம் 100 மில்லி செகண்ட் என்றால், லாக்கில் ஒரு வரியில் தெரியும் லாம்டா உண்மையில் 150 ஆர்பிஎம் கீழே நடந்தது. அப்படியே எடுத்து ஈசியூவின் எரிபொருள் டேபிளைத் திருத்தினால் பக்கத்துக் கட்டத்தைத்தான் திருத்துகிறோம்.

இந்தத் தாமதத்தை அளக்க தனிக் கருவி வேண்டாம். லாக்கை வினாடிக்கு 20 வரிகளுக்குக் குறையாமல் வையுங்கள். 4000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுவதும் விடுங்கள். ஓவர்ரன் ஃபியூவல் கட் (ஆக்சிலரேட்டரை விட்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்துவது) வந்ததும் இன்ஜெக்டர் பல்ஸ் பூஜ்ஜியமாகும் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் லாம்டா லீன் பக்கம் ஏறத் தொடங்கும் வரை எத்தனை வரிகள் என்று எண்ணுங்கள். 20 ஹெர்ட்ஸில் ஒரு வரி 50 மில்லி செகண்ட், மூன்று வரி தள்ளி ஏறினால் 150. இதையே 3000, 2000, 1500 ஆர்பிஎம்களிலும் செய்து, லாக் பார்க்கும் மென்பொருளில் தாமத டேபிள் இருந்தால் அதில் நிரப்புங்கள். மெகாலாக்வியூவரில் இதற்கு இடமுண்டு.

விஇ (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்று எரிபொருள் டேபிளில் உள்ள மதிப்பு) திருத்தம் எளிய கணக்கு: பழைய விஇ × அளந்த லாம்டா ÷ இலக்கு லாம்டா. விஇ 62, அளந்தது 0.93, இலக்கு 0.88 என்றால் புது மதிப்பு 65.5. ஆனால் அந்த நேரத்தில் ஈசியூவின் குளோஸ்டு லூப் (சென்சாரைப் பார்த்துத் தானே பெட்ரோலைத் திருத்தும் முறை) ஏற்கெனவே 4 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்தால், அதையும் பெருக்க வேண்டும், அப்போது 68.1. இதை மறப்பவர்களுக்கு டேபிள் எத்தனை முறை திருத்தினாலும் பாதி வழியிலேயே நிற்கும். திருத்தும் வேலைக்கு குளோஸ்டு லூப்பை நிறுத்திவைப்பதே நல்லது.

எல்லா வரியும் திருத்தத்துக்கு உதவாது. இன்ஜின் சூடாகாத வரிகள், த்ராட்டில் வேகமாக நகரும் வரிகள், ஃபியூவல் கட்டும் அது முடிந்த அடுத்த ஒரு வினாடியும், ஐந்தாறு வரிகள் மட்டுமே விழுந்த கட்டங்கள், இவற்றை வடிகட்டிவிடுங்கள்.

எண் பொய் சொல்லும் தருணங்கள்

மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை பற்றாமல் போவது) ஆனால் எரியாத ஆக்சிஜன் முழுவதும் குழாய்க்குப் போகும். சென்சார் லீன் என்று கூவும். அதை நம்பிப் பெட்ரோல் கூட்டினால் மிஸ்ஃபயர் மோசமாகும். டர்போ இன்ஜினில் அதிக பூஸ்ட்டில் லாம்டா கோடு சீராகப் போகாமல் ரம்பப் பல் மாதிரி லீன் பக்கம் குத்திக்கொண்டு ஏறினால், பெட்ரோல் டேபிளைத் தொடாதீர்கள். பிளக் இடைவெளியை 0.6 – 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்து, காயிலின் டுவெல் நேரத்தை (காயிலுக்கு மின்சாரம் ஏற்றும் நேரம்) சரிபார்த்து, மீண்டும் லாக் எடுங்கள்.

சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்ட் கசிவு இருந்தால் ஐட்லிங்கிலும் லேசான த்ராட்டிலிலும் லீன் தெரியும், முழு த்ராட்டிலில் சரியாகிவிடும். குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்று உறிஞ்சப்படுவதுதான் காரணம். இந்த அமைப்பை லாக்கில் பார்த்தால், சைலன்சர் முனையிலிருந்து ஊதி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். ஓவர்லேப் (இன்டேக், எக்சாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம்ஷாஃப்ட்டிலும் ஐட்லிங் லீனாகத்தான் தெரியும், அங்கே கசிவு இல்லை. அந்த இன்ஜினில் ஐட்லிங்கை லாம்டாவை வைத்து டியூன் செய்யாமல், மேனிஃபோல்டு அழுத்தம் எங்கே மிகக் குறைவாகவும் ஆர்பிஎம் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

மிகவும் அஞ்ச வேண்டியது சராசரி. நான்கு சிலிண்டரில் ஒன்று 10 சதவீதம் லீனாக ஓடினால் ஒன்றுசேரும் இடத்தில் 2.5 சதவீதம்தான் தெரியும். 0.85 என்று பார்த்து நிம்மதியாக இருக்கையில் ஒரு பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கலாம். இன்ஜெக்டர்களை ஓட்ட அளவு சோதித்துச் சமப்படுத்தாமல், பிளக்குகளைக் கழற்றிப் பார்க்காமல், வைட்பேண்ட் ஒன்றை நம்பி எல்லையில் டியூன் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். டர்போ இல்லாத இன்ஜினுக்கு முழு த்ராட்டிலில் 0.86 – 0.88, டர்போவுக்கு 0.78 – 0.82 என்று தொடங்குவதில் அந்தப் பாதுகாப்பு இடைவெளியும் அடங்கியிருக்கிறது.

வயதாகும் சென்சார்

இது தேயும் பொருள். ஈயம் கலந்த ரேஸ் எரிபொருள், சென்சாருக்கு ஏற்றதல்லாத சிலிகான் சீலன்ட், எரியும் எண்ணெய், ஹெட் கேஸ்கட் வழியே வரும் கூலன்ட் எல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். கோளாறு பெரும்பாலும் மெல்ல மெல்ல வரும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. எல்சி-2 போன்ற கன்ட்ரோலர்களில் சென்சாரைக் கழற்றி வெளிக்காற்றில் வைத்து கேலிப்ரேஷன் செய்ய வேண்டும். குழாய்க்குள் இருக்கும்போதே செய்தால், மிச்சப் புகையையே சுத்தக் காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். கேலிப்ரேஷன் கேட்காத கன்ட்ரோலர்களிலும் அவ்வப்போது காற்றில் வைத்து ஆக்சிஜன் 21 சதவீதத்தை ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஈரக்காற்றில் கொஞ்சம் குறைவது இயல்பு.

காற்றுச் சோதனை லீன் முனையை மட்டும்தான் உறுதிசெய்கிறது. நடுப்புள்ளிக்கு நேரோபேண்ட் சென்சாரே நல்ல சாட்சி. அதன் வோல்ட் லாம்டா 1.00இல் மிகக் கூர்மையாகத் தாவும். நிலையான வேகத்தில் நேரோபேண்ட் 450 மில்லிவோல்ட்டைக் கடக்கும் நேரத்தில் வைட்பேண்ட் 0.97 என்று காட்டினால் எதை நம்புவது என்று யோசிக்க வேண்டாம், வைட்பேண்ட்தான் நகர்ந்திருக்கிறது. முன்பு அளந்த ஃபியூவல் கட் தாமதத்தையும் பழைய லாக்கோடு ஒப்பிடுங்கள். அதே 4000 ஆர்பிஎம்மில் மூன்று வரி எடுத்தது இப்போது ஆறு வரி எடுக்கிறது, ஏறும் கோடும் சாய்ந்துவிட்டது என்றால் துளைகள் அடைபட்டுவிட்டன. சுத்தம் செய்ய முயல்வது வீண், மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முன் பழைய சென்சாரோடு ஐட்லிங், நிலையான வேகம், முழு த்ராட்டில் மூன்றிலும் ஒரு லாக் எடுத்து வையுங்கள். புதியதைப் போட்டு, தேவைப்பட்டால் காற்றில் கேலிப்ரேட் செய்து, அதே நாளில் அதே எரிபொருளோடு அதே மூன்றையும் மீண்டும் எடுங்கள். இரண்டுக்கும் 0.02க்கு மேல் வித்தியாசம் இருந்தால், கடைசியாகச் செய்த டேபிள் திருத்தங்களை எல்லாம் புது சென்சாரோடு மறுபடி சரிபார்த்த பிறகே பூஸ்ட்டைத் தொட வேண்டும்.