‘14 நாள் இலவசம்’னு கார்டு நம்பர் கொடுத்தேன், வருஷக் காசு போச்சு

சின்னாளபட்டி சுங்குடிச் சேலைதான் எங்க வீட்டு வியாபாரம். தீபாவளி நெருங்கினா பார்சல் கட்டவே கை பத்தாது, இதுல இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் மூணுலயும் தினமும் படம் போடணும். ராத்திரியே ஏத்தி வெச்சா காலையில தானா போற டூல் ஒண்ணு எடுக்கலாம்னு ‘சிறந்த 10 டூல்கள்’ பட்டியல் ஒண்ணைப் படிச்சு, முதல் இடத்துல இருந்ததையே எடுத்தேன். அந்தப் பட்டியலைப் போட்டதே அதே கம்பெனிதான்னு அப்புறம்தான் கவனிச்சேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மாசம் 14 டாலர்னு பெருசா போட்டிருந்தது. வருஷத்துக்கு மொத்தமா கட்டினாத்தான் அந்த விலைங்கிறது கீழே பொடி எழுத்துல. பதினஞ்சாம் நாள் 168 டாலர் போயிடுச்சு, பாங்க் கமிஷனோட 14,600 ரூபாய். இந்த மாதிரி தானா பிடிக்கிற பணம் 15,000க்குள்ள இருந்தா ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. முந்தின நாளே பாங்க்ல இருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கு, லோன் விளம்பரம்னு தள்ளிட்டேன். அது என் தப்புதான்.

சரி, காசு கட்டியாச்சு, வேலையாவது நடக்குமான்னா அதுவும் இல்ல. இன்ஸ்டாகிராம்ல இருக்கிற பாட்டை இந்த டூல் வழியா ரீல்ஸ்ல சேர்க்க முடியாதாம். சாயங்காலம் ஏழு மணிக்கு ‘இப்போ நீங்களே போடுங்க’ன்னு போன்ல மணி அடிக்குது. அலாரம் வைக்க எனக்குத் தெரியாதா? யூடியூபைப் பார்த்துக்கிற தம்பியைச் சேர்க்கப் போனா இன்னொரு ஆளுக்கு இன்னொரு 14 டாலர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா சாட்ல ஒரே பதில்: வருஷத் திட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கேன். வெளிநாட்டுக் கம்பெனி, பெருசா நம்பிக்கை இல்ல.

இப்போ ஃபேஸ்புக் கம்பெனியே கொடுக்கிற மெட்டா பிசினஸ் சூட்லயே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டுக்கும் நேரம் குறிச்சு வைக்கிறேன். யூடியூப் ஸ்டூடியோவுலயும் அந்த வசதி உண்டு. ரெண்டும் இலவசம், எங்க கடை அளவுக்குத் தாராளம். வேற டூல் தேடுறவங்க பட்டியலோட தேதியைப் பாருங்க. ஹூட்சூட்னு இதே மாதிரி ஒரு டூல், அதோட இலவசத் திட்டத்தை 2023லயே எடுத்துட்டாங்க, பழைய பட்டியல்கள்ல இன்னும் இலவசம்னே இருக்கு.

நேத்து ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல ‘பிசினஸ் இன்டக்ரேஷன்ஸ்’ திறந்து பார்த்தா, டூல் கணக்கை மூடின பிறகும் எங்க பேஜ்ல பதிவு போடுற உரிமை அந்த டூல்கிட்டயே இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்துவிட்டேன்.