விழித்திரை விலகல்: உடனே அறுவை, தாமதமாக அறுவை, அப்படியே விட்டால்?

விழித்திரை எனும் ரெட்டினா, கண்ணின் உட்புறம் பின்னால் ஒளியை உணரும் படலம். அது கழன்றால் வலிக்காது. ஆளை ஏமாற்றுவதே அதுதான். கண்ணோரத்தில் மின்னல் வெட்டும், கரும்புள்ளிகள் மிதக்கும், பிறகு ஒரு பக்கமிருந்து திரை இறங்கும். இன்னொரு கண் நன்றாகத் தெரிவதால் "பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரெட்டினாவில் வெறும் கிழிசல் என்றால் சுற்றிலும் லேசர் வைத்தால் போதும், சில நிமிட வேலை. கிழிசல் வழியே நீர் இறங்கிவிட்டால் அறுவைதான். ரெட்டினாவின் ஒளி செல்களுக்கு ஆக்சிஜன் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வருகிறது. விலகியதும் அவை பட்டினி கிடக்கத் தொடங்கும். நடுப்புள்ளியான மாகுலா இன்னும் ஒட்டியிருந்தால் அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும், படிக்கும் பார்வை பெரும்பாலும் தப்பும். மாகுலாவும் கழன்றிருந்தால் மூன்று நாளுக்குள் செய்வது நல்லது. ஒரு வாரம் தாண்டத் தாண்ட, ரெட்டினா ஒட்டினாலும் நேர்கோடு நெளிந்தே தெரியும்.

உடனடி அறுவையிலும் சிரமம் உண்டு. ரெட்டினாவை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் விடும் எஸ்எஃப்6 வாயு சுமார் இரண்டு வாரமும் சி3எஃப்8 இரண்டு மாதம் வரையும் இருக்கும். அது கரையும்வரை விமானம் கூடாது, ஊட்டி, கொடைக்கானல் ஏறவும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஓரிரு ஆண்டில் கண்புரையும் வரலாம்.

வாரக்கணக்கில் தள்ளினால் ரெட்டினாவின் இருபுறமும் தழும்புச் சவ்வு வளரும். அது இழுத்துச் சுருக்க, ரெட்டினா மடக்கிய குடைபோல் புனலாகிவிடும். அப்போது சவ்வை உரித்து, சில நேரம் விறைத்த ரெட்டினாவையே வெட்டி, சிலிகான் ஆயில் நிரப்ப வேண்டும். ஒரே அறுவையில் முடியாமலும் போகலாம்.

அப்படியே விட்டால், தானாகத் தழும்புக்கோடு விழுந்து நின்றுவிடும் சிறு விலகல்கள் அரிது. பெரும்பாலும் வெளிச்சம் மட்டும் தெரியும், பிறகு அதுவும் போகும். லென்ஸ் வெளுத்துப் புரையாகும். சிலருக்குக் கருவிழிப்படலத்தில் (ஐரிஸ்) புது இரத்தக்குழாய் முளைத்து அழுத்தம் ஏறும். ஆரம்பத்தில் வலிக்காத கண் அப்போது கடுமையாக வலிக்கும். இன்னும் சிலருக்கு அழுத்தம் இறங்கி, ஆண்டுகள் போகப்போகக் கண் சுருங்கிக் குழிக்குள் போகும்.

"போன பார்வை வராது, எதற்கு அறுவை?" என்று கேட்பவர்கள் இந்தக் கடைசிக் கட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தனையும் கிழிசலால் வரும் விலகலுக்கு. சர்க்கரை நோயில் இழுவையால் வருவது வேறு; மாகுலாவைத் தொடாதவரை கண்காணித்தும் வரலாம். எந்த வழியானாலும் அடுத்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து, ஓரங்கள்வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே கிழிசல் இருந்தால் லேசரோடு முடிந்துவிடும்.