குருவிப் பெட்டியும் கேமராவும்: நாலு வருஷம் கழித்து

எங்கள் வீட்டு ஈபி மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியதில்தான் இது தொடங்கியது. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது என்பதற்காக, ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் குருவிக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. ரீடிங் எடுக்க வந்தவர், "வைக்கோல் தீப்பிடிச்சா யார் சார் பொறுப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். குஞ்சுகள் பறந்ததும் மீட்டர் பெட்டி இடுக்கை அடைத்துவிட்டு, குருவிக்கு வேறு வீடு பார்க்கக் கிளம்பினேன். பார்ப்பதுதான் பார்க்கிறோம், கேமரா, வெப்பநிலை சென்சார் எல்லாம் இருக்கட்டுமே என்று ஓர் ஆசை.

வீடு திருச்சி, திருவெறும்பூர் பக்கம், முதல் மாடி. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதலில் வாங்கியது ஆன்லைனில் வந்த ரெடிமேட் 'ஸ்மார்ட்' கூடு. 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பிளாஸ்டிக் உடம்பு, கூரையே சோலார் பேனல், உள்ளே லித்தியம் பேட்டரி. படத்தில் பார்க்க அருமையாக இருந்தது. 2021 மே மாதம் ஒரு மதியம் வெளியே நிழலில் 39 டிகிரி, கூட்டுக்குள் 47. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். சோலார் பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். அந்தச் சூட்டுக்கு நேர் கீழே குருவியை உட்காரச் சொல்கிறோம், நடுவில் இருப்பது விரல் நகம் அளவுக்குக்கூடக் கனமில்லாத பிளாஸ்டிக். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. ஜூனுக்குள் அது வீங்கிவிட்டது. வாசல் துளையோ மைனாவே நுழைகிற அளவு. உள்சுவர் வழவழப்பு, குஞ்சு நகம் பற்றி ஏற வழியில்லை. கடைசிவரை ஒரு பல்லிதான் குடியிருந்தது.

இரண்டாவது பிளைவுட். தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனேன். "கமர்ஷியல் பிளை போதும் சார், குருவிதானே, குடும்பமா நடத்தப் போகுது?" என்றார். குடும்பம்தான் நடத்தப் போகிறது என்றேன். ஆனாலும் கமர்ஷியல் பிளைக்கே சம்மதித்தேன், அது என் தப்பு. ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரை போட்டு வருகிற அந்தச் சாதாரண ரகத்தில் பலகை அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசை. வெயில் ஏற ஏற அதிலிருந்து பார்மால்டிஹைடு என்ற எரிச்சல் வாயு கசியும். புது அலமாரியைத் திறந்தால் கண் எரியுமே, அதே சமாச்சாரம். ஐப்பசி மழை வந்ததும் ஓரமெல்லாம் பூரி மாதிரி உப்பிவிட்டது. சரி, மெரைன் பிளைக்குப் போகலாமா என்றால், ஐஎஸ் 710 பலகையில் பசை நல்ல பசைதான், தண்ணீருக்கு அசையாது. ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். அலமாரிக்கு அது நல்லது. குஞ்சு இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு கிடக்கிற சுவருக்கு எனக்கு மனசு வரவில்லை.

ஆசாரி தன் பங்குக்கு வீட்டு இடிப்பில் வந்த பழைய தேக்குக் கதவு ஒன்றைக் காட்டினார். மரம் இரும்பு மாதிரி இருந்தது. ஆனால் மேலே ஐந்தாறு அடுக்குப் பச்சை பெயின்ட். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இழைத்து எடுத்தால் அந்தத் தூள் ஆசாரி மூக்கிலும் போகும். குருவியும் பலகை ஓரத்தைக் கொத்தாமல் விடாது. பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

நடுவில் நண்பன் ஒருவன் 3டி பிரின்டரில் பிஎல்ஏவில் ஒரு கூடு அடித்துக் கொடுத்தான். மக்காச்சோளத்திலிருந்து வருகிற பிளாஸ்டிக், இயற்கைக்கு நல்லது என்றான். பிஎல்ஏ 60 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். மேற்குச் சுவரில் மாட்டிய அந்தக் கூட்டின் கூரை ஏப்ரல் முடிவதற்குள் தோசை மாதிரி மடிந்தது. அவ்வளவுதான் அதன் கதை.

இப்போது இருப்பது பேலட் மரம், அதாவது சரக்கை அடுக்கி ஏற்றுகிற மரத்தட்டின் பலகை. 2022 டிசம்பரில் செய்தது, இன்றுவரை நிற்கிறது. துவாக்குடி பக்கம் தொழிற்சாலைகளுக்கு இறக்குமதிச் சாமான் வருகிற பைன் மரப் பேலட்டுகளைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம். வாங்கவில்லை என்றால் அவை பெரும்பாலும் அடுப்புக்குப் போகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஒவ்வொரு பேலட்டிலும் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் 'எச்டி' என்று இருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, அரை மணி நேரம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது. எம்பியைத் தொடவே வேண்டாம். எச்டியிலும் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் விட்டுவிடுங்கள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஒவ்வொரு பலகையையும் முகர்ந்து பார்க்கிற ஆள் அவருக்கு அன்றுதான் வாய்த்திருப்பார் போல.

பலகை 20 மி.மீ. கனம். உள்பக்கம் இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டோம். வாசல் 32 மி.மீ., ஆசாரியிடம் இருந்த, வட்டத் துளை போடுகிற ஹோல் சாவிலேயே அந்த அளவு உண்டு. கூரைக்குக் கீழே காற்றுத் துளை, அடித்தட்டில் தண்ணீர் வடிகிற துளை, பக்கத்தில் திறந்து மூட ஒரு கதவு. எல்லா ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளைப் பசைதான். வாசலுக்குக் கீழே ஆசாரி அழகாக ஒரு குச்சி வைத்திருந்தார். அறுத்து எடுக்கச் சொன்னதில் அவருக்கு வருத்தம். "குச்சி இல்லாட்டி குருவி எங்க சார் உக்காரும்?" குருவி சொரசொரப்பான பலகையையே பற்றிக்கொள்ளும். குச்சி காக்காய்க்குத்தான் உதவும்.

வெளிப்பக்கம் மட்டும் ஆளி விதை எண்ணெய், பச்சையாக. 'பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ப்பார்கள், அது வேண்டாம். பச்சை எண்ணெய் காய மூன்று வாரம் ஆனது. இன்னொன்று: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

சூட்டுக்கு நான் செய்ததிலேயே உருப்படியான காரியத்துக்குச் செலவு பூஜ்யம். மாடியில் கிடந்த மங்களூர் ஓடு ஒன்றைப் பெட்டிக் கூரைக்கு இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தினேன், நடுவில் காற்று ஓடும்படி. 2024 மே மாதம், கூடு காலியாக இருந்த ஒரு மதியம், வெளியே நிழலில் 40 டிகிரி. ஓடு இருக்கும்போது பெட்டிக்குள் 42, எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் 44. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் மாட்டிய பழைய பிளாஸ்டிக் கூட்டில் 48.

கேமரா கதைக்கு வருகிறேன். முதலில் கூரையின் உள்பக்கம் இஎஸ்பி32-கேம் என்ற சின்னக் கேமரா போர்டு ஒன்றை வைத்தேன். ஐந்து வோல்ட்டில் ஓடுகிற தீப்பெட்டி அளவுச் சாமான், ஆனால் வைஃபையில் தொடர்ந்து படம் அனுப்பினால் கை வைக்க முடியாமல் சுடும். அதைவிட மோசம், ராத்திரி கூட்டுக்குள் திடீர் திடீரென்று வெள்ளை வெளிச்சம். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்தப் போர்டில் ஃபிளாஷ் விளக்கும் மெமரி கார்டும் ஒரே பின்னை, அதாவது ஒரே இணைப்புக் காலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. படம் கார்டில் பதியும்போதெல்லாம் விளக்கு மின்னும். கார்டை அந்தப் பின் தேவைப்படாத ஒற்றை பிட் முறைக்கு மாற்றினால் நின்றுவிடும். நான் விளக்கையே பெயர்த்து எடுத்துவிட்டேன். ராத்திரிப் படத்துக்கு வைக்கிற அகச்சிவப்பு விளக்கிலும் 850 நானோமீட்டர் ரகம் லேசாகச் சிவப்பாகத் தெரியும், 940 ரகம் தெரியாது.

இவ்வளவும் சரி செய்த பிறகு கேமராவில் என்ன தெரிந்தது? வைக்கோல். சிட்டுக்குருவி கிண்ணம் மாதிரி கூடு கட்டி நிறுத்தாது. பெட்டி முழுக்க அடைத்து மேலே மூடியும் போட்டுக்கொள்ளும். நாலு வாரம் நான் வைக்கோலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் நேரலையில்.

2023இல் அந்தப் பெட்டியில் முதல் ஈடு, அதாவது முதல் தடவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. மூன்று குஞ்சு பறந்தன, ஒன்று மட்டும் உள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து பார்த்தால், காலைச் சுற்றி அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக் இழை, நாலைந்து சுற்று, இறுகிப்போய். நகம் வெட்டுகிற கத்தரியால் அம்மா அறுத்தெடுத்தாள். விரல் கறுத்திருந்தது. திரும்ப உள்ளே விட்டோம், தாய் வந்து ஊட்டியது. மறுநாள் காலை கூடு காலி. பறந்ததா, பூனை கொண்டுபோனதா, தெரியாது. அந்த நேரத்தில் கேமரா ஹேங் ஆகியிருந்தது. நான் பலகையை முகர்ந்து முகர்ந்து வாங்கினேன், ஆபத்து எங்கள் மாடியிலிருந்தே போயிருக்கிறது. அன்றிலிருந்து சாக்கு, நைலான் கயிறு எதுவும் வெளியே கிடப்பதில்லை. பதிலுக்குக் காய்ந்த அருகம்புல்லைச் சிறுசிறு துண்டாக நறுக்கிப் போடுகிறோம்.

கூட்டுக்குள் தொங்கிய சென்சார் வயரையும் குருவி இழுத்துப் பார்த்திருந்தது, ரப்பர் உறையில் அலகுத் தடம். அதனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கேமரா இப்போது ஓர் அடி தள்ளி, எதிரே சன்ஷேடுக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி. பேட்டரி கிடையாது, ஜன்னல் வழியாக வீட்டு அடாப்டர். படமும் இப்போதுதான் நன்றாக இருக்கிறது: ஆண் வாயில் பச்சைப் புழுவோடு வந்து தொங்குவது, உள்ளிருந்து மஞ்சள் ஓர அலகு எட்டிப் பார்ப்பது. பெட்டிக்குள் மிச்சம் இருப்பது வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கிற டிஎச்டி22 சென்சார் ஒன்றுதான், அதுவும் பின்பலகையில் குடைந்த குழிக்குள், துளையிட்ட தகட்டுக்குப் பின்னால்.

யாராவது கேட்டால் முதலில் பலகை, ஓடு, ஆசாரி கூலி இவற்றுக்குச் செலவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய் ஆனது. கேமராவை ஒரு ஈடு முடிந்த பிறகு யோசிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. போன மழையில் அடித்தட்டு ஊறிக் கறுத்துவிட்டது, பைன் மரத்துக்கு நம் ஐப்பசி கொஞ்சம் அதிகம்தான். இப்போது உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. அவை கிளம்பியதும் அடித்தட்டை மட்டும் வேப்பம்பலகையில் மாற்றலாம் என்று ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குச்சி வேண்டாம் என்று இந்த முறையும் சொல்லியிருக்கிறேன்.