பத்தியா, குழுவா, முழு நாவலா? தொடக்கப்பள்ளி வாசிப்பு வகுப்புக்கு மூன்று வழிகள்

“கீழ்க்காணும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி.” வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி என்றால் பெரும்பாலான வகுப்பறைகளில் இதுதான் நடக்கிறது. அரைப் பக்கப் பத்தி, கீழே ஐந்து கேள்வி. மறுநாள் வேறொரு பத்தி. எழுத்துப் பயிற்சிக்கு இதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனி பீரியட், தனித் தலைப்பு: ‘நான் சென்ற சுற்றுலா’, ‘என் செல்லப்பிராணி’.

இதற்கு மாற்று, ஒரு சிறார் நாவலை எடுத்துக்கொண்டு வாசிப்பையும் எழுத்தையும் அதிலிருந்தே கற்றுக்கொடுப்பது. அதை இரண்டு விதமாகச் செய்யலாம். வகுப்பு முழுவதும் ஒரே நாவலைச் சேர்ந்து படிப்பது ஒன்று. நான்கைந்து பேராகப் பிரிந்து, குழுவுக்கொரு நாவல் படிப்பது இன்னொன்று. எட்டு வயதிலிருந்து பத்துப் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து மூன்றையும் அலசுகிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு வகுப்பும் சேர்ந்து படிக்கும் நாவல்தான். ஆனால் அதைக் கெடுக்கிற வழிகளும் நிறைய உண்டு. அவற்றைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயமாகாது.

பத்திப் பயிற்சிக்கு இருக்கும் நியாயத்தை முதலில் பார்ப்போம். ஒரே பீரியடில் முடிந்துவிடும். திருத்துவது சுலபம். லீவு போட்ட பிள்ளைக்கு எதுவும் விட்டுப்போகாது. தேர்வும் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே வருகிறது. ‘அது’, ‘அவர்கள்’ போன்ற சொற்கள் யாரைக் குறிக்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்வது மாதிரியான குறுகிய பயிற்சிக்கு ஒரு பத்தியே போதும், நாவல் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வரியைப் பாருங்கள்: ‘கிலுமி தன் பராவை மொந்தில் தொங்கவிட்டது.’ இதற்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் ‘கிலுமி தன் பராவை எங்கே தொங்கவிட்டது?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ‘மொந்தில்’ என்று எழுதி முழு மார்க் வாங்கிவிடும். புரிதல் என்று நாம் மார்க் போடுவதில் கணிசமான பகுதி இப்படி வரியைத் தேடி எடுத்து எழுதுகிற திறமைதான். பத்திக்குக் கீழே இருக்கும் ஐந்து கேள்விகளில் மூன்று இந்த ரகமாக இருந்தால், புரியாமலே தேறிவிடலாம் என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல், பின்னணி அறிவு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பத்திப் பயிற்சியில் திங்கள்கிழமை பனிக்கரடி, செவ்வாய்க்கிழமை கலங்கரை விளக்கம், புதன்கிழமை காகிதம் செய்யும் விதம். ஒவ்வொரு நாளும் புது உலகத்துக்குள் போய், அது பிடிபடுவதற்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். வீட்டில் நிறையப் புத்தகமும் பேச்சும் உள்ள பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மற்ற பிள்ளை நாள்தோறும் தோற்கும்.

நாவல் தனக்கு வேண்டிய பின்னணி அறிவைத் தானே உண்டாக்கிக்கொடுக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்துக்கு வருவதற்குள் அந்த வீடு, அந்தத் தெரு, யாருக்கு யாரைப் பிடிக்காது என்பதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அளவு தெரிந்திருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் மற்ற பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் அந்தப் புத்தகத்தின் அளவிலாவது குறைகிறது. நாவலின் பக்கம் நான் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணன் சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறான். போகும்போது சைக்கிள் சாவியைத் தங்கை கயலின் கையில் திணிக்கிறான். அவள் அதை ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேலே ஒரு புத்தகத்தை வைக்கிறாள். அதற்கு மேல் இன்னொரு புத்தகம். ஏழாம் அத்தியாயத்தில் இப்படி வருகிறது: ‘கயல் டப்பாவைத் திறந்தாள். சாவியை எடுத்து, தெருப்பக்க ஜன்னல் கம்பியில் மாட்டினாள்.’

இந்த வரிகள் தனிப் பத்தியில் வந்திருந்தால் கேள்வி ‘சாவியை எங்கே மாட்டினாள்?’ என்பதோடு முடிந்துவிடும். நாவலில் இதே இடத்துக்கு வரும்போது கேள்வியை டீச்சர் கேட்கவே வேண்டியதில்லை. கோபம் தணிந்துவிட்டதா? தெருப்பக்க ஜன்னல் எதற்கு? அண்ணன் பார்க்க வேண்டும் என்றுதானே? அப்படியென்றால் அவன் வருவான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு பிள்ளை நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அம்மா போனில் பேசிய வரியைத் தேடி எடுத்துக் காட்டும். சொல்லாமல் விட்டதை ஊகிப்பது, தொலைவிலுள்ள இரண்டு செய்திகளை இணைப்பது, ஆதாரம் காட்டிப் பேசுவது ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக நடந்துவிடுகின்றன. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் நடக்கும் பிர்ல்ஸ் தேர்வு புரிதலை நான்கு செயல்களாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக உள்ள செய்தியை எடுப்பது, நேரடியாக ஊகிப்பது, விளக்கி இணைப்பது, மதிப்பிடுவது. பத்திப் பயிற்சி பெரும்பாலும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாவதும் நான்காவதும் வளர நீளமான கதை வேண்டும்.

இனி, நாவல் எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

முதல் ஆபத்து, இழுத்தடிப்பது. ஒரு அத்தியாயம் படிப்பது, இருபது கேள்விக்கு விடை எழுதுவது, அருஞ்சொற்பொருள் பட்டியல், பிறகு அடுத்த வாரம் அடுத்த அத்தியாயம் என்று போனால் அது நாவல் வகுப்பே அல்ல. பத்திப் பயிற்சியைத்தான் ஒரே புத்தகத்திலிருந்து வெட்டி வெட்டிக் கொடுக்கிறோம். கதையின் இழுப்பு போய்விட்டால் நாவலுக்கும் பத்திக்கும் வித்தியாசம் இல்லை. வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல சான்று. 12, 13 வயது மாணவர்களுக்கு 12 வாரங்களில் இரண்டு கடினமான நாவல்களை, நிறுத்தாமல் வேகமாக, வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். புரிதல் தேர்வில் மாணவர்கள் சராசரியாக 8.5 மாத முன்னேற்றம் காட்டினார்கள். பின்தங்கியிருந்தவர்கள் 16 மாத முன்னேற்றம் காட்டினார்கள். தொடக்கப்பள்ளியைவிட அவர்கள் மூத்த பிள்ளைகள், அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளுக்குத்தான் கதையை அறுத்து அறுத்துக் கொடுக்கிறோம் என்பதை யோசித்துப் பார்த்தால், திருத்த வேண்டியது எது என்று தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பக்க நாவல், ஒரு பீரியடுக்கு 8 பக்கம் என்றால் 15 பீரியட். வாரம் நான்கு பீரியட் ஒதுக்கினால் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். ‘நாவலுக்கு நேரமில்லை’ என்று சொல்வதன் பொருள் பெரும்பாலும் ‘நாவலோடு கட்டிவைத்த ஒர்க்‌ஷீட்டுக்கு நேரமில்லை’ என்பதுதான்.

இரண்டாவது ஆபத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள பிள்ளை. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய சூத்திரம் இன்றும் பொருந்துகிறது: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது வாசிப்புப் புரிதல். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். முதல் திறனை நாவல் கற்றுக்கொடுக்காது. அதற்குத் தனியே, முறையாக, தினமும் பயிற்சி வேண்டும். நாவல் படித்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. ஆனால் முதல் திறன் வரும்வரை இரண்டாவதைப் பட்டினி போடவும் கூடாது. ஆசிரியர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்ட, பிள்ளை கையில் புத்தகத்தை வைத்து வரியைத் தொடர்ந்தால் அந்தக் கதைக்குள் அதுவும் இருக்கும். விவாதத்தில் அதன் ஊகம் முன்வரிசைப் பிள்ளையின் ஊகத்துக்குச் சமமாக நிற்கும். வரிசையாக ஆளுக்கொரு பத்தி எழுந்து படிக்க வைக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். தடுமாறுகிற பிள்ளை கூனிக்குறுகுகிறது. மற்றவர்களோ தங்கள் முறை வரும் பத்தியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்விகள் விஷயத்தில் பிரிட்டிஷ் எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் 1993இல் சொன்ன நான்கும் எனக்கு இன்னும் போதுமானவையாகத் தோன்றுகின்றன: பிடித்தது எது, பிடிக்காதது எது, குழப்பியது எது, மறுபடி மறுபடி வருவது அல்லது ஒன்றோடொன்று பொருந்துவது எது. மூன்றாவதிலிருந்து தொடங்கச் சொல்வேன். ‘புரியவில்லை’ என்று சொல்வது அங்கே பங்களிப்பாகிறது, தோல்வி ஆகிவிடாது.

எழுத்துப் பயிற்சிக்கு வந்தால், மூன்று வழிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இங்கேதான் பெரிதாகத் தெரிகிறது. பத்திப் பயிற்சியிலிருந்து எழுத்து பிறப்பதில்லை. ஒரு வரி விடைகள் பிறக்கின்றன. தனித் தலைப்புக் கட்டுரையில் பிள்ளை வெறுமையிலிருந்து தொடங்க வேண்டும். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது இரண்டும் அதன் தலையில். நாவல் அந்தப் பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறது.

கயலின் கதைக்கே திரும்புவோம். வேலை இது: சாவி ஜன்னலில் தொங்குவதை அண்ணன் பார்க்கும் இடத்தை அவன் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். ஒரு பிள்ளை முதலில் இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘அண்ணன் வந்தான். சாவியைப் பார்த்தான். தங்கையின் கோபம் போய்விட்டது என்று மிகவும் சந்தோஷப்பட்டான்.’ இதில் பிழை இல்லை, உயிரும் இல்லை. சிவப்பு மையைத் தொடாமல் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரிக்கலாம். கயலுக்குக் கோபம் என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லை. நமக்கு எப்படித் தெரிந்தது? டப்பா மேல் வைத்த இரண்டு புத்தகங்களிலிருந்து. அப்படியானால் அண்ணனின் சந்தோஷத்தை எதை வைத்துக் காட்டலாம்? இன்னொன்று: டப்பாவில் சாவி கிடந்தது அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது. அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? திருத்தி எழுதும்போது வருவது: ‘தெருமுனையில் நின்றான். ஜன்னலில் ஏதோ மின்னியது. தோளிலிருந்த பையைக் கீழே வைத்தான்.’

அந்த மூன்று வாக்கியங்களுக்காக ஒரு பிள்ளை பார்வைக்கோணத்தையும், உணர்ச்சியைப் பெயர் சொல்லாமல் காட்டுவதையும், யாருக்கு எது தெரியும் எது தெரியாது என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டது. எழுதுவதற்காக மூன்றாம் அத்தியாயத்தை அது மறுபடி படித்ததால் புரிதலும் ஆழமாகிறது. படித்ததைப் பற்றி எழுதினால் படித்தது நன்றாகப் புரிகிறது என்பதைக் கிரகாம், ஹீபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதைச்சுருக்கம் எழுத வைப்பதைவிட, ஒரு நாவலுக்கு இப்படி இரண்டு மூன்று எழுத்து வேலை, ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது திருத்தி எழுத நேரம், அது போதும்.

குழு வாசிப்புக்கு ஒரு பெரிய கவர்ச்சி உண்டு: பிள்ளை தன் புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது, தன் வேகத்தில் போகிறது. 1994இல் அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் இதைப் பரவலாக்கியபோது ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் சொல் தேடுபவர், ஒருவர் படம் வரைபவர் என்று பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பொறுப்புத் தாள்களே பேச்சை இயந்திரத்தனமாக்கிவிடலாம் என்று பின்னாளில் அவரே எச்சரித்தார். எட்டு, ஒன்பது வயதில் நான்கு பேர் ஆசிரியர் இல்லாமல் இருபது நிமிடம் ஒரு கதையைப் பேசுவது கடினம். கேட்பதற்கும் மறுப்பதற்கும் முன்மாதிரி பார்த்திருக்க வேண்டும். அந்த முன்மாதிரி முழு வகுப்பு நாவலில்தான் கிடைக்கிறது. பாலின்க்சர், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் விவரித்த முறையில் ஊகிப்பது, கேள்வி கேட்பது, தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது என்ற நான்கையும் ஆசிரியர் முதலில் செய்து காட்டி, மெல்ல மெல்லப் பிள்ளைகளின் கையில் ஒப்படைப்பார். குழு வாசிப்பு அந்த ஒப்படைப்புக்குப் பிறகு வர வேண்டிய கட்டம்.

நாவல் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. பிர்ல்ஸ் தேர்வில் பாதி கதை என்றால் பாதி தகவல் எழுத்து. வரைபடம், துணைத்தலைப்பு, காரண காரிய விளக்கம் இவற்றைப் படிக்கும் விதம் வேறு. நாவலில் கடல் வந்தால் கடலைப் பற்றிய ஒரு தகவல் கட்டுரையை அதே வாரம் சேர்த்துப் படிக்கலாம். கதை உண்டாக்கிய ஆர்வம் அந்தக் கட்டுரையையும் தாங்கிக்கொள்ளும்.

ஆக, மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் வாசிக்க, வகுப்பு முழுவதும் ஒரே நாவல், ஆண்டுக்கு இரண்டு. குழு வேண்டாம். நான்காம் வகுப்பிலும் இதே முறை. இரண்டாவது நாவலில் சில அத்தியாயங்களைப் பிள்ளைகள் ஜோடியாகப் படிக்கலாம். ஐந்தாம் வகுப்பில் முதல் நாவலைச் சேர்ந்து படித்துவிட்டு, இரண்டாவதைக் குழுக்களிடம் விடலாம். பத்திப் பயிற்சியை முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. தேர்வின் வடிவம் பழகுவதற்கு வாரம் ஒன்று போதும். ஆண்டின் இறுதியில் யாரும் முன்பு படித்திராத ஒரு முழுச் சிறுகதையைக் கொடுத்து, ‘இதில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்; எந்த வரியிலிருந்து தெரிந்தது என்று காட்டு’ என்று மட்டும் கேளுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இதே மாதிரி வேறொரு கதைக்கு அந்தப் பிள்ளை எழுதிய விடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வழி வேலை செய்தது என்று மார்க் பட்டியலைவிடத் தெளிவாகத் தெரியும்.