கிணற்றுத் தண்ணீருக்கு சாஃப்ட்னர்: பழையதை மாற்றி ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

சோப்பு நுரைக்கவில்லை, குழாய் வாயில் மறுபடி வெள்ளைப் படிவு ஏறுகிறது என்றதும், தண்ணீரின் கடினத்தன்மையை (கால்சியம், மக்னீசியத்தை) நீக்கும் கருவியான சாஃப்ட்னரைப் புதிதாக வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். முதலில் உப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். ரீஜெனரேஷனில் (உப்புநீரால் கருவியைப் புதுப்பிக்கும் சுற்று) உப்புநீரை இழுக்கும்போதும் தண்ணீர் மட்டம் இறங்காமல் நின்றால், அதை உறிஞ்சும் சிறு துளைப் பாகமான இன்ஜெக்டர் அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகும். உப்பு பல வாரமாகக் குறையவே இல்லை, கம்பால் குத்தினால் மேலே கட்டி, கீழே வெற்றிடம் என்றால் உப்பு பாலம் கட்டியிருக்கிறது. உடைத்து விட்டாலே போதும். இன்ஜெக்டர் துளையைப் பல் குத்தும் மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஊசியால் குத்தினால் துளை அகன்று உறிஞ்சும் விசையே போய்விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கடினத்தன்மை கசிகிறது என்றால் வால்வைக் கழற்றி ஒரு கரண்டி ரெசினை, அதாவது கடினத்தன்மையைப் பிடிக்கும் மணிகளை, வெளியே எடுங்கள். நல்ல ரெசின் ரவை போல இருக்கும். தேன் நிறம், விரலிடுக்கில் அழுத்தினால் உடையாமல் உருளும். காலம் முடிந்தது நசுங்கிக் கூழாகும். செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் இரும்பு ஏறியிருக்கிறது. மணிகள் இன்னும் உறுதியாக இருந்தால் ரெசின் கிளீனர் போட்டுக் கொஞ்ச காலம் இழுக்கலாம். கூழானதை எதுவும் மீட்காது.

கிணற்றுத் தண்ணீரில் ரெசினின் முதல் எதிரி இந்த இரும்புதான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து காலையில் பழுப்பாகி அடியில் படிந்தால் கரைந்த இரும்பு உள்ளது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சாஃப்ட்னர் தாங்கும். 2-ஐத் தாண்டினால் முன்னால் தனி இரும்பு ஃபில்டர் போடாமல் புது ரெசின் நிரப்புவது வீண் செலவு. பழைய ரெசினைக் கெடுத்த அதே தண்ணீர்தான் புதியதற்குள்ளும் போகப்போகிறது.

அளவு தேர்வில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ரெசின் இருக்கும் தொட்டியான வெசலின் உயரத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே எத்தனை லிட்டர் ரெசின் என்று கேளுங்கள். கணக்கு எளிது. கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரும்பு 1 என்று வைப்போம். இரும்பின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கடினத்தன்மையில் 80 கூட்டினால் 580. ஐந்து பேருக்கு நாளுக்கு 750 லிட்டர் என்றால் ரெசின் தினமும் பிடிக்க வேண்டியது 435 கிராம். ஒரு ரீஜெனரேஷனில் ஒரு லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு போட்டால் சுமார் 45 கிராம் கடினத்தன்மை பிடிக்கும். 10-க்கு 54 அங்குல வெசலில் 42 லிட்டர் ரெசின் வைத்தால் 1,890 கிராம், அதாவது 3,250 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் தேவையை இருப்பாக ஒதுக்கிவிட்டு எத்தனை லிட்டர் ஓடியதும் ரீஜெனரேஷன் என்று தீர்மானிக்கும் மீட்டரை 2,500-ல் வையுங்கள். ஒரு தடவைக்கு உப்பு 4.2 கிலோ.

உப்பை 240 கிராமாக ஏற்றினால் பிடிக்கும் அளவு 68 கிராம் வரைதான் போகும். உப்பு இரண்டு மடங்குக்கு மேல், பலன் ஒன்றரை மடங்கு. அதனால் சின்ன வெசலில் உப்பைக் கொட்டி ஓட்டுவதைவிடப் பெரிய வெசலில் குறைந்த உப்பில் ஓட்டுவது நல்லது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவு) மிக அதிகமுள்ள கிணறாக இருந்து மெலிதாகக் கடினத்தன்மை கசிந்தால் மட்டும் 160 கிராம் வரை ஏற்றுங்கள். நாள் கணக்கில் ஓடும் டைமர் வால்வு, வீட்டில் ஆளில்லாத வாரத்திலும் உப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மீட்டர் வால்வே வாங்குங்கள்.

ரெசின் நிரப்பும்போது நடுக்குழாயின் வாயை டேப் ஒட்டி மூடுங்கள். மணிகள் அதற்குள் விழுந்தால் முதல் நாளே வீட்டுக் குழாய்களுக்கு வந்து சேரும். வெசலில் கால்பங்கு தண்ணீர் விட்டு, குழாயை நடுவில் நேராகப் பிடித்து, முதலில் கூழாங்கல், பிறகு ரெசின். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஓட்டிக் கழுவும் பேக்வாஷில் ரெசின் எழும்ப இடம் வேண்டும். 10 அங்குல வெசலின் பேக்வாஷுக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர் வேண்டும், 13 அங்குலத்துக்கு 15. பம்ப் அதைத் தராவிட்டால் அழுக்கு வெளியேறாமல் ரெசின் கட்டிதட்டும். வடிகால் குழாயைச் சாக்கடைக்குள் முக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். உப்புக் கழிவு செடிக்கோ கிணற்றருகே உள்ள உறிஞ்சு குழிக்கோ போகவே கூடாது.

ஓட ஆரம்பித்த பின் வரும் முதல் புகார் 'டிடிஎஸ் குறையவில்லையே' என்பது. குறையாது. கால்சியம், மக்னீசியம் போய் அந்த இடத்தில் சோடியம் வருகிறது, அவ்வளவுதான். கடினத்தன்மை 100 மில்லிகிராம் நீங்கினால் சோடியம் 46 மில்லிகிராம் கூடும். ஆகவே குடிக்கும் குழாயையும் தோட்டக் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள்.

சொட்டு முறைக் கிட்டால் மாதம் ஒருமுறை சோதியுங்கள். சாயம் விட்டதும் ஒயின் சிவப்பு வந்தால் கடினத்தன்மை கசிகிறது. நேராக நீலம் என்றால் நன்றாக ஓடுகிறது. ரீஜெனரேஷனுக்கு முந்தைய நாள் தண்ணீரில் பாருங்கள், அப்போதுதான் குறை தெரியும். கோடையிலும் மழைக்குப் பிறகும் கிணற்றின் கடினத்தன்மை மாறலாம். மூலத் தண்ணீரையும் அளந்து மீட்டரைத் திருத்துங்கள்.

சில வருடம் ஓடிய பின் வடிகாலில் எந்நேரமும் மெலிதாகத் தண்ணீர் சொட்டினால் வால்வின் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கும். சீலும் ஸ்பேசரும் சேர்ந்த கிட் போதும், வால்வையே மாற்றத் தேவையில்லை. கிணற்றுக்குக் குளோரின் போடும் நாளில் மட்டும், தண்ணீர் சாஃப்ட்னருக்குள் போகாமல் சுற்றிப்போகும் பைபாஸில் வைக்க மறக்காதீர்கள். அந்தச் செறிவு ரெசினை அரித்துவிடும். குழாயில் குளோரின் வாடை முழுக்கப் போன பிறகே சாஃப்ட்னருக்குள் தண்ணீரை விட வேண்டும்.